மூட்டைக் காது

கடுக்காமரத்தூர்,
ஜவ்வாது மலை.
12.7.2024

ஓசூர் மாநகரத்தின் பட்டத்து ராணியும் என் அக்காள் பெற்ற ஒரே தங்கக் கட்டியுமான நதியாவுக்கு, ஜவ்வாது மலைக்கும் அதன்மேல் மேயும் மேகங்களுக்கும் பாத்தியதைப்பட்ட உன் தாய்மாமன் சக்கரவர்த்தி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்கார ராஜாக்கண்ணு வரப்பில் நின்றபடியே நீட்டினார். மூன்றாவது வரியில் 'மாசமா இருக்கேன் மாமா' என்று கண்டேன். அதன்பிறகு நான் போட்ட சத்தத்தில் பலா மரத்திலிருந்து நாற்பது பழங்கள் ஒரே சமயத்தில் விழுந்தன. காவலூரில் நட்சத்திரம் பார்க்கிறவர்களின் தொலைநோக்கி ஒரு சாண் நகர்ந்துபோய், அன்று அவர்கள் பார்த்தது நட்சத்திரத்தையா ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டையா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். ராஜாக்கண்ணு மட்டும் அசையவில்லை. அவருக்குக் காது மந்தம்.

உன் அத்தை ரேணுகாதேவியிடம் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "எம் பொண்ணுக்கு எம் வூட்லதான் பிரசவம். ஒன்பது வயசுல தாயில்லாம வந்தவள நான் வளத்தேன், இப்ப வேற எவ பாப்பா? எழுதுய்யா, எழுதிப் போடு" என்றாள். அதோடு விட்டாளா? ஒரு மணி நேரம் திட்டம் போட்டாள். வீட்டுக்குப் பின்னால் உனக்கென்று தனியாக ஒரு குளியலறை, செங்கல் வைத்து, உள்ளேயே வெந்நீர் அடுப்போடு. பாலுக்கு ஒரு கறவை மாடு. லேகியம். தொட்டில். அவளுடைய பழைய சேலைகளை எல்லாம் கிழித்துக் குழந்தைத் துணி. நான் மட்டும் அதை எழுதி வைத்திருந்தால் சட்டசபையில் இரண்டு நாள் வாசித்திருக்கலாம்.

போனில் பேசக்கூடாதா மாமா என்று கேட்டிருக்கிறாய். நம் டவரின் கதை உனக்குத் தெரியாது. அதில் இரண்டு குரங்குகள் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. கம்பெனிக்காரர்கள் ஏறினால் மேலிருந்து போல்ட்டைக் கழற்றி எறிகின்றன. ஆகையால் கடிதமே நமக்கு ராஜ வழி. ஆஸ்டலில் நீ படித்த காலத்தில் எழுதியதுதானே. கை பழகிய வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளை அருளைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
முப்பது வருஷமாகப் புளி மண்டியில் மூட்டை வாய் தைத்து, தைத்த மூட்டைகளை அடுக்கினால் இமயமலையைக் குனிய வைக்கக்கூடிய
சக்கரவர்த்தி

*

ஓசூர்,
28.7.2024

அன்புள்ள மாமாவுக்கு, நதியா எழுதுவது.

உங்கள் கடிதத்தை இவருக்கும் படித்துக் காட்டினேன். "உங்க மாமா சொல்றதுல நூத்துல தொண்ணூத்தொம்பதக் கழிச்சிட்டா மீதி உண்மைதான்" என்றார். எனக்குக் கோபம். கழிக்க நீ யார் என்று கேட்டேன்.

இங்கே என் மாமியார் கோகிலவாணி பிரசவத்தை ஓசூரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை மாமா. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, மலையில் அவசரம் என்றால் என்ன செய்வாய் என்றுதான் கேட்கிறார். நான்தான் பிடிவாதமாக இருக்கிறேன். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான், எனக்குத் தாய் வீடு கடுக்காமரத்தூர்தான் என்று சொல்லிவிட்டேன். பிரசவத்துக்கு வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, அதன் பிறகு மூன்று மாதம் அத்தையிடம் என்று பேசி, ஒருவழியாக ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். இப்போது நான் சொன்ன சொல் நிற்க வேண்டும்.

வளைகாப்பு அக்டோபர் இருபது, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரைக்கு மேல். முதல் வளையல் அத்தை கையால். அது முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். என் துணிமணியை இப்போதே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அத்தைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதுதானே மாமா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தையை இரண்டே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த உருண்டை எழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது.

அன்புடன்,
நதியா

*

கடுக்காமரத்தூர்,
2.9.2024

மூன்று உலகங்களையும் வயிற்றில் சுமக்கும் நதியா மகாராணிக்கு, சக்கரவர்த்தி வணங்கி எழுதும் அரசாங்க அறிக்கை.

குளியலறை எழும்பிவிட்டது. மூன்று வரிசை செங்கல். மூன்று என்றால் சாதாரண மூன்று அல்ல. அதைப் பார்க்க புதூர்நாட்டிலிருந்தும் நெல்லிவாசலிலிருந்தும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். பெரிய பெரிய கோட்டைகளைக் கட்டியவர்கள் எல்லாம் இதைப் பார்த்திருந்தால் கொத்துக் கரண்டியைக் கீழே போட்டிருப்பார்கள். செங்கல் ஒவ்வொன்றையும் உன் அத்தையே தூக்கி வைத்தாள். "நாலு நாள்ல முடிச்சிருவேன், நீ கிட்ட வராத" என்று என்னை விரட்டிவிட்டாள். இப்போது மழை பிடித்துக்கொண்டதால் கொஞ்சம் நிற்கிறது. மழை விட்டதும் நாலே நாள்.

மாடும் பார்த்து வைத்திருக்கிறோம். அதன் கொம்பு ஒன்று ஆந்திராவிலும் ஒன்று கர்நாடகாவிலும் இருப்பதால் கட்டுத்தறிக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அத்தையிடம் பேனாவும் இன்லாந்து தாளும் கொடுத்தேன். உட்கார்ந்தாள். உன் பேரை எழுத ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் கை நடுங்கி, 'ந' என்ற எழுத்தே தாளைவிட்டு வெளியே ஓடிவிட்டது. அடுத்த தபாலில் எழுதுவாள். நீ கேட்டதற்குப் பதில்: உடம்பு நன்றாக இருக்கிறது. இரும்புக்குச் சமானம்.

அக்டோபர் இருபது அன்று சூரியன் உதிக்க மறந்தாலும் நாங்கள் வர மறக்க மாட்டோம். உன் முதல் சம்பளத்தில் நீ எடுத்துக் கொடுத்த அரக்குப் பட்டுச் சேலையை அத்தை துவைத்து மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். கண்ணமங்கலத்தில் வாங்கிய கண்ணாடி வளையல், மூன்று டஜன், பெட்டியில் ஆயத்தமாக இருக்கிறது.

இப்படிக்கு,
மாடு, மனை, மூன்று வரிசைக் கோட்டை ஆகியவற்றின் அதிபதி,
மாமன்

*

ஓசூர்,
21.10.2024

மாமா,

நேற்று மூன்று மணி வரை பார்த்தோம். பன்னிரண்டுக்கு நல்ல நேரம் முடிகிறது என்று எல்லோரும் சொன்னபோது, பஸ் லேட்டாக இருக்கும் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். சந்தனம் காய்ந்துவிட்டது. கடைசியில் மாமியாரே முதல் வளையலைப் போட்டார். வந்தவர்கள் முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் பெட்டி கதவோரம் அப்படியே இருக்கிறது. உங்கள் இருவருக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உடனே எழுதுங்கள்.

நதியா

*

கடுக்காமரத்தூர்,
25.10.2024

வீரத் திருமகள் நதியாவுக்கு, போர்க்களத்திலிருந்து மாமன்.

முதலில் ஒரு சத்தியம்: உன் அத்தையும் நானும் உயிரோடு இருக்கிறோம். அதுவே அதிசயம்.

ஞாயிறு காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் சின்னராஜ் முன் சீட்டைத் துடைத்துக் கொடுத்தான். ஆலங்காயம் நெருங்கும்போது ரோட்டின் குறுக்கே யானைகள். ஒன்றா இரண்டா, எழுநூறு. ஒவ்வொன்றும் அடுத்ததன் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகின்றன. எழுநூறாவது யானை கடந்து முடியும்போது சாயங்காலம். அந்தக் கலவரத்தில் வளையல் பெட்டி விழுந்து, முப்பத்தாறில் பதினேழு மட்டுமே தப்பின. மீதி வீர மரணம்.

பார்சலில் அந்தப் பதினேழையும் வைத்திருக்கிறேன். இஞ்சி லேகியம் ஒரு டப்பா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, குழந்தைத் துணி. உன் அத்தை பதினைந்து நாள் உட்கார்ந்து தன் கையால் தைத்தது. விரித்துப் பார். தேவலோகத்துத் தையற்காரர்கள் வேலையை ராஜினாமா செய்துவிட்டார்கள் என்று கேள்வி.

கோபித்துக்கொள்ளாதே கண்ணு. கார்த்திகை பிறந்ததும் நாங்களே வந்து உன்னை அழைத்துக்கொள்கிறோம். குளியலறை அதற்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
யானைகளை வென்ற
சக்கரவர்த்தி

*

ஓசூர்,
10.11.2024

மாமாவுக்கு,

பார்சல் வந்தது. கடிதத்தை முதலில் படித்தேன். யானை வருகிற இடத்தில் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு துணியைப் பிரித்தேன். அத்தையின் நீலச் சேலை, வெள்ளைப் புள்ளி போட்டது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு மடிப்பாக வைத்து ஓரம் தைத்திருக்கிறது. மாமா, அத்தையின் தையல் எனக்குத் தெரியாதா? என் பள்ளிக்கூடப் பாவாடைகள் எல்லாம் அந்தக் கை தைத்தது. சின்ன எறும்பு வரிசை போகிற மாதிரி இருக்கும். இது விரல் நீளத்துக்கு ஒரு தையல். கோணி ஊசி குத்திய ஓட்டைகள். அதுகூடப் பரவாயில்லை. நான்கு மூலையிலும் துணியை முறுக்கிச் சணலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் பிடிப்பதற்காக வைக்கிற காது. குழந்தைத் துணிக்கு யார் காது வைப்பார்கள்? முப்பது வருஷம் கையில் ஊறியது. வைக்கிறோம் என்று தெரியாமலேயே வைத்துவிட்டீர்கள்.

அதை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் நம் ஊர் அங்கன்வாடி வசந்தி அக்காவின் நம்பரைத் தேடி எடுத்துப் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். வீடியோவில். நம் வீட்டு வேலியோரம்தான் நின்றார். "டவரா? நாலு கோடு காட்டுது பாப்பா, ரெண்டு வருசமா நல்லாதான் கீது" என்றார். பின்னால் அத்தையின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டு, நடுவில் பாடிக்கொண்டு. வசந்தி அக்கா சட்டென்று போனைத் திருப்பிக்கொண்டார். திருப்பும்போது குளியலறை தெரிந்தது. மூன்று வரிசை. அதன்மேல் ஆடு நின்றுகொண்டிருந்தது.

ஆக, நீங்கள் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுவது, அந்தக் குரல் எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான். கடிதத்தில் குடித்த வாசனையும் வராது.

எனக்கு முன்பே தெரியாது என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஆஸ்டல் பெற்றோர் கூட்டத்துக்கு அத்தை வருவதாகச் சொல்லி வரவில்லை. நீங்கள் தனியாக வந்து, 'உன் அத்தையைக் கரடி வழி கேட்டு நிறுத்திவிட்டது' என்றீர்கள். என் சினேகிதிகள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் கதைக்குள் இருப்பது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. இப்போது என்னால் முடியாது. இன்னும் இரண்டு மாதத்தில் கையில் ஒரு குழந்தை இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். யானை, கரடி, குரங்கு எதுவும் இல்லாமல் பதில் எழுதுங்கள். நான் அங்கே வந்தால், குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போகலாமா?

ஆமாம் என்று எழுதினால் இவர் தடுத்தாலும் மாமியார் தடுத்தாலும் வந்துவிடுவேன். நீங்கள் சொன்னால் நம்புவேன். அதனால் பார்த்து எழுதுங்கள்.

நதியா

*

கடுக்காமரத்தூர்,
18.11.2024

நதியா,

விடக் கூடாது. வராதே.

இந்த மூன்று வார்த்தையை எழுத நாலு நாள் ஆனது. இனி மீதியையும் எழுதிவிடுகிறேன்.

ஆடி மாதம் ஒருநாள் காலை வசந்தி தன் ஏழு மாதக் குழந்தையை உன் அத்தையிடம் விட்டுவிட்டுச் சத்துமாவு மூட்டை இறக்கப் போனாள். ரேணுகா தெளிவாகத்தான் இருந்தாள். அவளே கேட்டு வாங்கி, மடியில் போட்டுக்கொண்டாள். நான் மண்டிக்குக் கிளம்பிவிட்டேன். பலா மரத்தடியில் துணியை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று உள்ளே போயிருக்கிறாள். வசந்தி வந்து பார்க்கும்போது நிழல் நகர்ந்துவிட்டது. குழந்தை வெயிலில் கிடந்தது. விழுந்த பழத்துக்கு வந்த எறும்பு முழுவதும் குழந்தைமேல் ஏறியிருந்தது. இப்போது நன்றாக இருக்கிறது. தொடையில் தழும்பு இருக்கிறது. வசந்தி இதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, பார்த்தாயா.

அதற்குப் பிறகும் நான் உனக்கு வா, வா என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்தது. உன் அத்தை செய்ததைவிட அது பெரிது.

நீ வரப் போகிறாய் என்றால் அவள் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். காலை ஒன்பது மணி வரை அவள் பேசுவதை நீ கேட்க வேண்டும். அதில் ஒரு பொய் கிடையாது. குளியலறைக்கு மண் குழைத்தது உண்மை. மாடு பார்க்கப் போனது உண்மை. வேலூரில் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கிற இடத்துக்கு நான்கு முறை கிளம்பினோம். ஒருமுறை கண்ணமங்கலம், ஒருமுறை கணியம்பாடி, ஒவ்வொரு ஊரில் இறங்கிவிட்டாள். ஒருமுறை வாசல் வரைக்கும் போய்ச் சீட்டு எழுதியாகிவிட்டது. "செருப்ப வெளியவே வுட்டுட்டன், எடுத்தாந்துர்றேன்" என்று போனவள்தான்.

யானை இல்லை. அன்று நடந்தது இது. வளைகாப்புக்கு முந்தின நாளிலிருந்து நான் ஒரு சொட்டு கொடுக்கவில்லை. ஆம், வாங்கி வந்து கொடுப்பது நான்தான். அவள் கடை வாசலில் போய் நின்று ஊர் பார்க்கக் கூடாது என்று நான் வாங்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்கும் முன்னால், புளி உலுக்கிவிட்டு உடம்பு வலி என்றவளுக்கு முதல் முதலாக அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்ததும் நான்தான். அன்று அவள் பேசிய பேச்சு இருக்கிறதே, என்னைவிடப் பெரிய புளுகு. மலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன் என்றாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாளும் சிரிக்க ஆசைப்பட்டு ஊற்றினேன்.

ஆலங்காயத்தில் வாணியம்பாடி பஸ்ஸுக்கு மாற வேண்டும். அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, பட்டுச் சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நிற்காமல் ஆடியது. வளையல் பெட்டியை மடியில் வைத்திருந்ததால் அது கிலுகிலுவென்று சத்தம் போட்டது. பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பச்ச வளையலு கம்மியா கீதுய்யா. ஒரு டஜன் வாங்கினு வந்துர்றேன், நீ சீர்த்தட்ட பாத்துக்கோ" என்றாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். கூடவே போனால் நம்பவில்லை என்று ஆகிவிடுமே. மூன்று வாணியம்பாடி பஸ் போனது.

மத்தியானம் மதுக்கடைக்குப் பின்னால் சுவரோரம் அவளைக் கண்டுபிடித்தேன். உட்கார்ந்திருந்தாள். உனக்கு வாங்கிய வளையல் எல்லாவற்றையும் அவளே இரண்டு கையிலும் போட்டிருந்தாள். பாதி உடைந்து கீறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். "நதியா வந்துட்டாளா? நேரமாவுதே, மனையில உக்கார வெய்யி" என்றாள். அவளைப் பொறுத்தவரை அங்கே வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது.

உனக்கு அனுப்பிய பதினேழும் அவள் கையிலிருந்து கழற்றியவை. கழுவித்தான் அனுப்பினேன்.

துணி தைத்தது நான்தான். காது வைத்தது நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஓசூரிலேயே இரு. உன் மாமியார் முதல் வளையல் போட்டார் என்று எழுதினாயே, அந்தக் கைக்கு என் கும்பிடு.

மாமா

*

ஓசூர்,
6.2.2025

மாமாவுக்கு,

ஜனவரி பதினொன்றாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. நான் நன்றாக இருக்கிறேன். மாமியார்தான் எல்லாம் பார்க்கிறார். காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு அவர் வெந்நீர் ஊற்றும்போது நான் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். நன்றாகத்தான் ஊற்றுகிறார்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.  மூன்று முறை ஆரம்பித்தேன். அத்தையைத் திட்டி ஒன்று, உங்களைத் திட்டி ஒன்று. மூன்றாவதில் 'மாமா' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நீங்கள் தைத்த துணியில்தான் இவள் படுக்கிறாள். மற்றதில் போட்டால் அழுகிறாள். அந்தக் காதுகள் இருப்பதால் தூங்குகிறவளை எழுப்பாமல் துணியோடு தூக்கி வேறு இடத்தில் வைக்க முடிகிறது. மாமியார் ஒருநாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத தச்சவங்களுக்கு நல்ல யோசனை" என்றார்.

பெயர் வைப்பது இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிறு. நீங்கள் மட்டும் வாருங்கள். அன்று ஒருநாள் அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வசந்தி அக்கா தானாகவே சொன்னார். இவள் காதில் பெயர் சொல்ல என் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும் மாமா. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? உங்களால் ஒன்றும் முடியாது என்று இருந்தால்கூட, வந்து அந்த யானைக் கதையையாவது இவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இவள் எதையும் கழிக்க மாட்டாள்.

நதியா

*

கடுக்காமரத்தூர்,
24.2.2025

நதியா,

நேற்று நான் வரவில்லை. கிளம்பவில்லை என்று நினைக்காதே. கிளம்பினேன்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மண்டிக்குப் போகிறேன் என்று சொன்னேன். உன் அத்தை தெளிவாக இருந்தாள். "மண்டிக்கு எவன்யா இஸ்திரி போட்ட சட்ட போட்னு போவான்?" என்று சிரித்தாள். அப்புறம், "நான் வர்ல. நான் வந்தா கெட்டுடும். நீ போய்ட்டு வா. இத அவ கைல குடு" என்று ஒரு தாளை மடித்து என் பையில் வைத்தாள். எப்போது எழுதினாள் என்று தெரியாது. வசந்தி கூடத்தான் இருந்தாள்.

பஸ்ஸில் அதைப் பிரித்துப் படித்தேன். படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் உளறினால் நான் பயப்பட மாட்டேன். அவள் இத்தனை தெளிவாக ஒரு காரியத்தை நினைத்துவிட்டால் அன்றைக்குத்தான் அதிகம் குடிப்பாள். ஆலங்காயத்தில் வாணியம்பாடி பஸ் எதிரிலேயே நின்றது. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏறுகிற படியில் கால் வைத்தேன். வைத்த காலை எடுத்துவிட்டேன். மேலே போகிற பஸ்ஸில் சின்னராஜ்தான் இருந்தான். "இன்னா மாமா, இறங்கின பஸ்லயே ஏர்றீங்க" என்றான். அவனுக்குச் சொல்ல ஒரு கதையும் வாயில் வரவில்லை.

வீட்டுக்குப் போனால் வசந்தி வேலியோரம் அழுதுகொண்டு நின்றாள். சோறு வடிக்கப் போன நேரத்தில் நடந்துவிட்டது என்றாள். பின்னால் போய்ப் பார்த்தேன். ரேணுகா மண் குழைத்திருக்கிறாள். மூன்று வரிசைக்குமேல் நான்காவது வரிசை ஆரம்பித்திருக்கிறாள். ஐந்து கல் வைத்திருந்தாள். எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. பக்கத்தில் தரையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். கொத்துக் கரண்டி கையில் இருந்தது. பாட்டிலைச் செங்கலுக்கு உள்பக்கம் ஒளித்து வைத்திருந்தாள்.

நான் சொன்ன எண்ணிக்கைகளில் எதை வேண்டுமானாலும் மாப்பிள்ளை கழித்துக்கொள்ளட்டும். ஐந்து கல் என்பதை மட்டும் கழிக்க வேண்டாம். நின்று எண்ணினேன்.

வருகிறேன் என்று சொல்லி வராதவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். குழந்தையின் காதில் உன் பக்கத்து ஆளாகப் பெயரை யார் சொன்னார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். உன் மாமியாராக இருந்தால் நல்லது. இனிமேல் எந்தத் தேதிக்கும் எங்களை எண்ணி வைத்துக்கொள்ளாதே. பெட்டியைக் கதவோரம் வைக்காதே. நானும் அடிக்கடி எழுதப் போவதில்லை. எழுதினால் ஏதாவது ஒரு மாடு வந்துவிடும், அதை நீ நம்பிவிடுவாய்.

நீ கேட்ட இரண்டு வரியை இதோடு வைத்திருக்கிறேன். ஏழு மாதம் தாமதம். நான் சொல்லி எழுதியது இல்லை. படித்துப் பார். நம்ப வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம்.

மாமா

*

நதியா கண்ணு,

சித்திரையில நான் வந்து உன்னையும் பாப்பாவையும் கூட்டிக்கிணு வரேன். குளிக்கிற ரூமு அதுக்குள்ள முடிச்சிருவேன், இன்னிக்கே ஆரம்பிக்கிறேன், பாப்பாக்கு தண்ணி நான்தான் ஊத்துவேன்.

அத்தை